முதலில் நிற்க வேண்டும், அப்புறம்தான் ஓட வேண்டும்

என் அக்கா மகன் 19 வயதில் தச்சு வேலை கற்றுக்கொள்ளத் தொடங்கினான். பலகையும் பிளைவுட்டும் ஏற்றுவதற்கு ஒவ்வொரு முறையும் யாரிடமாவது வண்டி கேட்டு நிற்க வேண்டியிருந்தது. ஒரு நாள் போனில் ஒரு படம் அனுப்பினான். 22 வருடம் பழைய டீசல் பிக்கப். மூன்று வருடமாக ஒரு கொட்டகையில் அசையாமல் நின்றிருந்தது. படத்துக்குக் கீழே ஒரே ஒரு கேள்வி: “மாமா, இது ஸ்டார்ட் ஆகுமா?”

நான் மெக்கானிக் இல்லை. என் வண்டிகளை நானே பிரித்து, நானே மாட்டி, சில தடவை தப்பாக மாட்டி, அப்படியே கற்றுக்கொண்டவன். அந்த அனுபவத்தில் அவனுக்குப் பதில் எழுதினேன்: “ஸ்டார்ட் ஆவதைப் பற்றி அப்புறம் பார்க்கலாம். அது நிற்குமா என்று முதலில் பார்ப்போம்.” அப்போது அவனுக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வண்டியோடுதான் போயின.

பார்க்கப் போன அன்று அவன் கண் பெயிண்டின் மேல் இருந்தது. நான் பழைய போர்வை ஒன்றை விரித்து வண்டிக்குக் கீழே படுத்தேன். பிக்கப்புக்கு முதுகெலும்பு அதன் சேசிஸ்தான். எஞ்சின், கேபின், பின்னால் லோடு ஏற்றும் தொட்டி, ஆக்சில் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. கதவு துருப்பிடித்தால் வேறு கதவு மாட்டலாம். சேசிஸ் உளுத்துப்போனால் மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. சிறிய சுத்தியலால் நீளம் முழுவதும் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இடம் மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் திருப்புளியை அழுத்திக் குத்திப் பார்த்தேன். பின்பக்க ஸ்பிரிங் பட்டை சேசிஸோடு சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. சேறு வந்து தங்கும் இடம் அது. எந்தப் பழைய பிக்கப்பிலும் முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுதான். மற்றபடி சேசிஸ் உறுதியாக இருந்தது. அந்த ஓர் இடத்தை வெட்டி வெல்டு வைக்கலாம் என்று தோன்றியது.

எஞ்சின் ஓடாத வண்டியில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய முடியாது. அதனால் ஒன்று செய்தேன். கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினின் முன்பக்கத்தில் கிராங்க் புல்லி போல்ட்டில் நீளமான ஸ்பேனரை மாட்டி, அது சுற்றும் திசையிலேயே மெதுவாகத் திருப்பினேன். தடையில்லாமல் சுற்றியது. பிஸ்டன் உள்ளே துருவேறிப் பிடித்திருந்தால் அங்கேயே கும்பிட்டுவிட்டு வந்திருப்போம். ஆயில் மூடியைத் திறந்தோம். பால் கலந்தது போன்ற கலங்கல் இல்லை, அதாவது ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. பேப்பரில் இருந்த சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் குத்தியிருந்த எண்களோடு ஒத்துப்போயின. இந்த எண்கள் பொருந்தாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடக் கூடாது. ஓடுகிற நிலையில் உள்ள பழைய வண்டி வாங்குகிறீர்கள் என்றால், எஞ்சின் ஆறிக் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். நீங்கள் வருவதற்குள் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், பல நோய்களை அந்தச் சூடே மறைத்துவிடும்.

விலை பேசும்போது அவனிடம் ஒரு நிபந்தனை வைத்தேன். கையில் இருக்கும் மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் வண்டிக்குக் கொடுக்கக் கூடாது. மீதிப் பாதி டயருக்கும் பிரேக்குக்கும் கண்ணுக்குத் தெரியாத மற்றதற்கும். இது என் கணக்கு. எந்தப் புத்தகத்திலும் இல்லை. கடைசியில் அந்த மீதிப் பாதியில் ஒரு காசும் மிஞ்சவில்லை.

வண்டியை ஏற்றி வந்து நிறுத்தியதும் அவன் ஒரு பட்டியல் காட்டினான். கறுப்பு பெயிண்ட், பெரிய சக்கரம், உயரம் கூட்டும் கிட், ஸ்பீக்கர். நான் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பட்டியல் எழுதினேன். சேசிஸ், பிரேக், ஸ்டீரிங், டயர், விளக்கு, சீட் பெல்ட். இந்த ஆறும் முடிகிற வரை எஞ்சினைத் தொடுவதில்லை என்றேன். பழைய வண்டியை எடுக்கும் இளையவர்கள் பலர் பாதியிலேயே விட்டுவிடுவதற்கு இந்த வரிசை தலைகீழாகப் போவதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். எஞ்சின் உயிர் பெற்றுவிட்டால் ஓட்டிப் பார்க்காமல் யாராலும் இருக்க முடியாது. அந்த ‘ஒரு சுற்று மட்டும்’ என்ற ஆசைக்கு முன்னால் பிரேக் தயாராக இருந்தாக வேண்டும்.

சேசிஸ் ஓட்டையை நாங்கள் தொடவில்லை. கட்டமைப்பு வெல்டிங் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தோம். அவர் துருப்பிடித்த பகுதியை நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் தகடு வைத்துச் சேர்த்தார். அவர் வேலை தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றியதையும், பக்கத்தில் இருந்த டீசல் குழாயை எடுத்துவிட்டதையும் அவனைப் பார்க்க வைத்தேன். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் வெல்டு வைக்க விடமாட்டேன் என்றும் அவர் சொன்னார். குளோரின் கலந்த கிளீனர் வெல்டிங் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். இது பலருக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கக் கூடாத விஷயம்.

இனி பிரேக். இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன்.

பின்சக்கரங்களில் டிரம் பிரேக்; வளைந்த ஷூக்கள் உள்ளிருந்து டிரம்மை அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் வகை. அந்த ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர்கள் காய்ந்து கசிந்திருந்தன. ஷூக்கள் டிரம்மோடு ஒட்டிக் கிடந்தன. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதவோ காற்றடித்துப் பறக்க விடவோ கூடாது. பழைய பிரேக் ஷூக்களில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்க வாய்ப்புண்டு. ஈரமாக்கித் துடைத்து எடுப்பதுதான் முறை. அடுத்து, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பிரிக்கக் கூடாது. ஒரு பக்கத்தைப் பிரித்தால் மறுபக்கம் அப்படியே இருக்கட்டும். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது, எந்த ஷூ முன்னால் இருந்தது என்ற சந்தேகம் வரும்போது அந்தப் பக்கம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் வண்டியில் முன் ஷூவின் லைனிங் நீளமும் பின் ஷூவின் லைனிங் நீளமும் வேறு வேறு. புகைப்படம் எடுத்திருந்தும் அந்த வித்தியாசம் படத்தில் தெரியவில்லை. மறுபக்கச் சக்கரம்தான் காப்பாற்றியது.

இரும்பு பிரேக் குழாய்களில் இரண்டு இடங்களில் துரு பொருக்குத் தட்டியிருந்தது. குழாய்களை முழுசாக மாற்றினோம். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் துருப்பிடிக்காது, கையாலேயே வளைக்க வரும். சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களை, வெளியே பார்க்க நன்றாக இருந்தும் மாற்றினோம். பழைய ஹோஸ் உள்பக்கமாக வீங்கி அடைத்துக்கொண்டால், மிதிக்கும்போது பிரேக் பிடிக்கும், காலை எடுத்த பிறகு விடாது.

எல்லாம் மாட்டியாயிற்று. பிரேக் குழாய்களுக்குள் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அவனைக் கீழே, காற்றை வெளியே விடும் நிப்பிளில் வைத்துவிட்டு நான் பெடலை மிதித்தேன், தரை வரைக்கும், பலமாக, பல முறை. அரை மணி நேரத்தில் பெடல் தானாகக் கீழே இறங்கத் தொடங்கியது. பெடலை மிதித்ததும் சக்கரங்களுக்கு ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. வண்டி ஓடிய காலம் முழுவதும் அதன் பிஸ்டன் உள்ளே கொஞ்ச தூரம்தான் போய் வந்திருக்கும். அதற்கு அப்பால் இருந்த பகுதியில் மூன்று வருட ஈரத்தில் துரு படிந்திருந்தது. நான் தரை வரை மிதித்தபோது ரப்பர் சீல் அந்தத் துருவின் மேல் உரசிக் கிழிந்தது. பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்து, அது முழுதாக இறங்காமல் தடுத்திருந்தால் போதும். இன்று யாருக்கு பிரேக் வேலை செய்தாலும் அந்தக் கட்டையை முதலில் எடுத்து வைக்கிறேன்.

புது மாஸ்டர் சிலிண்டர் மாட்டிய பிறகும் பின்சக்கரத்துக்கு ஆயில் சரியாக வரவில்லை. ஒரு முழு ஞாயிறு அதில் போயிற்று. காரணம் பிக்கப்புக்கே உரியது. பின் ஆக்சிலுக்கு மேலே ஒரு வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி ஆக்சிலோடு இணைந்திருக்கும். தொட்டியில் லோடு ஏறினால் பின்பக்கம் தாழும், கம்பி அசையும், வால்வு பின்சக்கரத்துக்கு அதிக பிரேக் விசையை விடும். காலியாக இருந்தால் குறைத்துவிடும். நாங்கள் சேசிஸுக்குக் கீழே ஸ்டாண்டு வைத்து ஆக்சிலைத் தொங்க விட்டிருந்தோம். வண்டி காலி என்று நினைத்து வால்வு வழியைக் குறுக்கிவிட்டது. ஸ்டாண்டுகளை ஆக்சிலுக்கே கீழே மாற்றி, வண்டியின் எடையை அதன் மேல் இறக்கியதும் ஆயில் சீராக வந்தது. வால்விலேயே காற்றெடுக்கும் நிப்பிள் ஒன்று இருந்தது. அதையும் திறந்து எடுத்தோம். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி, அதற்கு மிக அருகில் உள்ள சக்கரத்தில் முடிப்பார்கள். ஆனால் உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

அந்த வால்வைக் காட்டித்தான் உயரம் கூட்டும் ஆசையை அவனிடமிருந்து எடுத்தேன். பின்பக்கத்தை உயர்த்தினால், அந்தக் கம்பியைச் சரிசெய்யாத வரை, லோடு இருக்கும்போதும் காலி வண்டி என்றே வால்வு நம்பிக்கொண்டிருக்கும். அவன் கொஞ்ச நேரம் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அந்தக் கிட்டைப் பற்றிப் பேசவில்லை.

பிரேக் ஆயில் பற்றி ஒரு வார்த்தை. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் ஏறியபின் அதன் வரம்பு 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு போல அமுங்கும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. திறந்து வைத்த பழைய டப்பாவில் மிச்சமிருப்பதை ஊற்றாதீர்கள். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயிண்டை உரித்துவிடும்.

ஸ்டீரிங் வேலை சீக்கிரம் முடிந்தது. முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும்; பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்ட வேண்டும். இரண்டிலும் ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். இட வலமாக மட்டும் ஆடினால், ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு முனைகள். மேல் கீழாக மட்டும் என்றால், சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயிண்ட். எங்களுக்கு டை ராடு முனைகள்தான் தேய்ந்திருந்தன. மாற்றி, அலைன்மெண்ட் பார்த்துக்கொண்டோம்.

டயர்களில் பட்டன், அதாவது சாலையைப் பிடிக்கும் வரிப்பள்ளம், ஆழமாகவே இருந்தது. “புதுசு மாதிரி இருக்கே மாமா” என்றான். பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னேன். தயாரித்த தேதியைக் குறிக்கும் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். எங்களுடையவை 11 வருடம் பழையவை. ஓடாமலே ரப்பர் செத்துப்போயிருந்தது. பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள். நான்கையும் ஸ்டெப்னியையும் மாற்றினோம். லோடு வண்டி என்பதால் அளவோடு சேர்த்து எடை தாங்கும் குறியீட்டையும் பார்த்து வாங்க வேண்டும். கார் டயர் அளவில் பொருந்தினாலும் அது தாங்காது. வீல் நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, டார்க் ஸ்பேனரில் அளவு வைத்து இறுக்கினான். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை அதே அளவில் சரிபார்க்க வேண்டும் என்று டேஷ்போர்டில் ஒட்டி வைத்தான்.

மூன்றாவது மாதம் ஒரு விஷயம் உறைத்தது. அவன் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறான், வேலை முழுவதும் நான் செய்கிறேன். நான் ஐந்து நிமிடத்தில் கழற்றும் போல்ட்டை அவன் அரை மணி நேரம் கழற்றுவதைப் பார்க்கப் பொறுமை இல்லாமல், ஒவ்வொரு முறையும் ஸ்பேனரை வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு அவன் டார்ச்சை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். எனக்கு வருத்தமாக இருந்தது. தப்பு என்னுடையது. அடுத்த வாரத்திலிருந்து டார்ச் என் கையில், ஸ்பேனர் அவன் கையில். அவன் தவறான பக்கம் திருப்பும்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. ஆபத்து என்றால் மட்டும் பேசுவேன் என்று சொல்லி வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போவது, சூடான ரேடியேட்டர் மூடியைத் திறப்பது, சுற்றும் பெல்ட் பக்கத்தில் தொங்கும் துணி. இந்த மூன்றிலும் நான் கத்துவேன்; அதில் அவனுக்கு மறுப்பில்லை. வேலை இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. அந்தப் பிக்கப்பில் நான் செலவழித்த பொழுதிலேயே உருப்படியான பொழுது அதுதான்.

இறுகிப்போன போல்ட்டோடு அவன் பழகியதும் அப்போதுதான். முதல் போல்ட்டை முறித்தான். இரண்டாவதையும் முறித்தான். அப்புறம் முதல் நாளே துரு விடுவிக்கும் எண்ணெயைத் தடவி ஊறவிட்டு, மறுநாள் கழற்றும் முன் ஒரு நூலளவு இறுக்கும் பக்கமாகவே அசைத்துப் பார்த்து, துருப் பிடிமானம் விட்டதும் எதிர்ப்பக்கம் திருப்பப் பழகினான். கொஞ்சம் வந்ததும் மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. கழற்றிய போல்ட்டுகளைச் சிறு பைகளில் போட்டு, எந்த இடத்தது என்று எழுதி ஒட்டினான். தச்சன் கை அல்லவா, அந்த ஒழுங்கு அவனுக்கு இயல்பாகவே வந்தது.

விளக்குகள் மங்கலாக எரிந்தன. பல்பு மாற்றியும் அப்படியே. பேட்டரியில் 12.6 வோல்ட், பல்பு முனையில் 10.9 தான். நடுவில் எங்கோ மின்சாரம் வீணாகிறது. எர்த் வயர் சேசிஸோடு சேரும் இடத்தில் பெயிண்டும் துருவும் மூடியிருந்தன. சுரண்டிப் பளபளப்பாக்கி மாட்டியதும் 12.3 வந்தது. பழைய வண்டியின் மின்கோளாறுகளில் பெரும்பகுதி எர்த்தில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம். பியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய பியூஸ் போடாதீர்கள். அதற்குப் பிறகு பியூஸுக்குப் பதில் வயர் எரியும். சீட் பெல்ட்டில் ஓட்டுநர் பக்கப் பட்டை நூல் பிரிந்திருந்தது. சடாரென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளவும் இல்லை. தைத்துச் சரிசெய்கிற பொருளில்லை அது, புதிதாகவே வாங்கினோம்.

ஆறாவது மாதம் எஞ்சினுக்கு வந்தோம். வால்வுகளை பிஸ்டனோடு ஒத்திசைத்து இயக்கும் டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்றால் மாற்றிவிட வேண்டும். டீசல் எஞ்சினில் அது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி எஞ்சினே போய்விடும். குறிகளைப் பொருத்தி மாட்டிய பிறகு கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி நேருக்கு நேர் வருகின்றனவா என்று பார்த்தோம். கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தத்தை, அளந்தபோது மூன்று சிலிண்டரில் 400 பிஎஸ்ஐ அளவு, ஒன்றில் மட்டும் 340. அவன் முகம் வாடிவிட்டது. வால்வு இடைவெளியை அளக்கச் சொன்னேன். அந்தச் சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வுக்கு இடைவெளியே இல்லை; முழுதாக மூடாமல் அழுத்தம் கசிந்துகொண்டிருந்தது. சரிசெய்ததும் 390 வந்தது. எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று பயந்த வேலை, ஒரு கேஜும் ஒரு திருப்புளியும் கொண்டு முடிந்தது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயில், ஃபில்டர், கூலண்ட் எல்லாம் புதிது. டீசலைத் திறந்துவிட்டு நேராக ஸ்டார்ட் செய்யாமல், முதலில் டீசல் போகாமல் நிறுத்திவைத்துச் செல்ஃப் மோட்டாரை மட்டும் சுற்றினோம். ஆயில் விளக்கு அணைந்ததும்தான் டீசல் விட்டோம். மூன்று வருடம் காய்ந்து நின்ற பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேராமல் எஞ்சினை ஓட விடக் கூடாது. ஸ்டார்ட்டுக்கு முன் உள்ளே சூடாக்கும் ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினுக்கு ஈதர் ஸ்பிரே அடித்து ஸ்டார்ட் செய்வது ஆபத்து, வேண்டவே வேண்டாம். காற்று இழுக்கும் வாய்க்குப் பக்கத்தில் ஒரு தட்டையான பலகையை வைத்துக்கொண்டு நான் நின்றேன். டீசல் எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுத்தால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது, காற்றை அடைத்தால்தான் நிற்கும். கையால் அடைக்கக் கூடாது. நல்லவேளை, பலகைக்கு வேலை வரவில்லை. நான்காவது முயற்சியில் உறுமி, வெள்ளைப் புகை விட்டு, அப்புறம் சீரானது. அவன் உள்ளேயிருந்து என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

இரண்டு நாளில் எஞ்சின் இழுவை குறைந்து நின்றுவிட்டது. டீசல் ஃபில்டர் அடைப்பு. மாற்றினோம். மூன்று நாளில் மறுபடி. மாற்றினோம். மூன்றாவது முறை அவன் புது ஃபில்டரைக் கையில் எடுத்தபோது, “இது ஏன் அடைக்கிறது?” என்று மட்டும் கேட்டேன். டாங்கியை இறக்கினான். அடியில் தண்ணீரும், அதற்கு மேல் கறுப்பாக வழவழவென்று ஒரு படலமும். டீசலில் தண்ணீர் சேர்ந்தால் இரண்டும் தொடும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளரும். அந்தச் சளிதான் ஃபில்டரை அடைத்துக்கொண்டிருந்தது. டாங்கியைக் கழுவிக் காயவைத்து மாட்டினான். அந்த ஃபில்டர் பல மாதம் ஓடியது.

ஓட்டப் பழகும்போது ஒன்றை வலியுறுத்திச் சொன்னேன். காலி பிக்கப்பில் பின்பக்கத்துக்குக் கனம் கிடையாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியில், மழையில் திடீரென மிதித்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுழலப் பார்க்கும். ஆளில்லாத மைதானத்தில், தரை ஈரமாக இருந்த ஒரு காலையில், குறைந்த வேகத்தில் அதை அவனே உணரும்படி செய்தோம். வாயால் நூறு முறை சொல்லியிருந்தாலும் அது ஏறியிருக்காது. ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை என்பதை அக்காவிடமும் மறைக்கவில்லை. புதிதாக ஓட்டுபவருக்கு இந்தக் குறை பெரியது. தினமும் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போக வேண்டிய பிள்ளைக்கு நான் இப்படியொரு வண்டியைச் சிபாரிசு செய்ய மாட்டேன். இவன் போவது பக்கத்தில், மெதுவாக, பலகையோடு. அதனால்தான் சம்மதித்தேன்.

லோடு ஏற்றுவதிலும் பாடம் இருந்தது. கனமானதைக் கேபினை ஒட்டி முன்னால் வைக்க வேண்டும். பின் ஆக்சிலுக்குப் பின்னால் கனம் போனால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீரிங் பிடிப்பு குறையும். பிளைவுட் தாள் படுத்துக் கிடந்தாலும் வேகத்தில் காற்று அடியில் புகுந்து தூக்கும். பெல்ட் போட்டுக் கட்டாமல் ஒரு தெருவைக்கூடத் தாண்டக் கூடாது.

கறுப்பு பெயிண்ட் இன்னும் அடிக்கவில்லை. துரு வந்த இடங்களைச் சுரண்டி பிரைமர் மட்டும் பூசி, திட்டுத் திட்டாகத்தான் ஓடுகிறது.

போன மாதம் போன் செய்தான். “மாமா, பின்னாடி இடது சக்கரத்துக்கு உள்பக்கம் ஈரமா இருக்கு. மோந்து பாத்தேன், பிரேக் ஆயில் இல்ல, கிரௌன் ஆயில். வண்டிய எடுக்கல, அப்படியே நிறுத்திட்டேன்.” பின் ஆக்சிலுக்குள் இருக்கும் கியர் ஆயிலைத்தான் அப்படிச் சொன்னான். அன்று ஒரு டெலிவரி இருந்தது எனக்குத் தெரியும். அதை அவன் தள்ளிப்போட்டிருந்தான்.

ஞாயிறு போனேன். ஆக்சில் ஸ்டாண்டு மேல் நின்றது. மறுபக்கச் சக்கரம் பிரிக்காமல் அப்படியே இருந்தது. கழற்றிய பொருள்கள் துணி மேல் வரிசையாக. ஆயில் பட்ட ஷூக்கள் தனியே. புது சீல் வாங்கி வைத்திருந்தான். “சீலை அடிச்சுடலாமா?” என்று கேட்டேன்.

“இருங்க மாமா. ஆக்சில் மேல இருக்கிற பிரீதர் மண்ணு புடிச்சு அடைச்சிருக்கு. சூடாகும்போது உள்ள இருக்கிற காத்து போக வழியில்லாம சீல் வழியா ஆயிலத் தள்ளியிருக்கு. அத கிளீன் பண்ணாம சீல் மட்டும் மாத்தினா மறுபடி ஒழுகும்.”

நான் அதைப் பார்த்திருக்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு நகர்ந்து, பிரீதர் தெரியும்படி அவனுக்கு வெளிச்சம் பிடித்தேன்.